அப்பாவின் மறதியும் அந்த மூன்று நொடி வெட்டும்

அப்பாவுக்கு அப்போது 64 வயது. மறதி என்றாலே வயசானால் அப்படித்தான் என்று எல்லோரும் சொன்னார்கள், முதல் மூன்று வாரம் நானும் அதையே நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் வயதோடு வரும் மறதி வருஷக்கணக்கில் ஊர்ந்து வரும். இவருக்கு ஒரே மாதத்தில் பேரன் பெயர் போய்விட்டது, குளித்துவிட்டு வந்தவர் தலை ஈரம் காய்வதற்குள் மறுபடி துண்டைத் தேடினார், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று கதவைத் திறந்தார்.

முதலில் பார்த்த மருத்துவர் மறதி நோயின் தொடக்கம் என்று மாத்திரை எழுதினார். அடுத்தவர் மனச்சோர்வு என்றார். பத்து நிமிடத்தில் அவர்கள் பார்த்தது அவ்வளவுதான், குறை சொல்லி என்ன? ஆனால் ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. ரத்தத்தில் சோடியம் 126 என்று வந்திருந்தது, 135க்கு மேல் இருக்க வேண்டியது. அதை ஏற்றிவிட்டு அனுப்பினார்கள், ஏன் இறங்கியது என்று யாரும் கேட்கவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அம்மாதான் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார், "கை வெடுக்வெடுக்குன்னு இழுக்குது பாரு" என்று. நான் நரம்புத் தளர்ச்சி என்று தட்டிக்கழித்தேன். ஒருநாள் உட்கார்ந்து கவனித்தால் வலது பக்க வாயோரமும் கையும் சேர்ந்து ஒரு வெட்டு, இரண்டு மூன்று நொடிதான், அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி பேச்சைத் தொடர்கிறார். அன்றைக்கு நாற்பதுக்கு மேல் எண்ணினோம். போனில் வீடியோ எடுத்தேன்.

அடுத்துப் போன நரம்பியல் மருத்துவர் அந்த வீடியோவை மூன்று முறை ஓடவிட்டார். அப்புறம் பழைய ரிப்போர்ட்டில் சோடியத்தைத் தேடினார். "இது அல்சைமர் மாதிரித் தெரியவில்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்குகிற நோயாக இருக்கலாம், அப்படியென்றால் மருந்து இருக்கிறது" என்றார். அந்த வெட்டு ஒரு வகை வலிப்பாம், மூளையின் 'எல்ஜிஐ1' என்ற புரதத்தைக் குறிவைக்கும் ஆன்டிபாடி (எதிர்ப்பு சக்தி உண்டாக்கும் பொருள்) உள்ளவர்களுக்கு வருவது, சோடியம் இறங்குவதும் அதோடு சேர்ந்ததுதான் என்று விளக்கினார்.

எம்ஆர்ஐயில் நினைவுக்கான பகுதி இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. எல்லோருக்கும் அப்படித் தெரியாதாம், ஸ்கேன் சரியாக இருந்தாலும் நோய் இருக்கலாம். இஇஜி (மூளையின் மின்னோட்டப் பதிவு), முதுகில் நீர் எடுத்தல், எங்காவது கட்டி ஒளிந்திருக்கிறதா என்று மார்புக்கும் வயிற்றுக்கும் சிடி ஸ்கேன் (கட்டி இல்லை). ஆன்டிபாடிக்கு முதுகு நீர், ரத்தம் இரண்டையும் அனுப்பச் சொன்னார், அது நல்லதாகப் போயிற்று, ரத்தத்தில்தான் காட்டியது. இம்யூனோகுளோபுலின் (மற்றவர்கள் ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடி மருந்து) ஏற்றுவதற்கு முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும், ஏற்றிய பிறகு எடுத்தால் முடிவு குழப்பிவிடும்.

ரிப்போர்ட் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. கிருமித்தொற்று இல்லை என்று உறுதியானதும் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தினம் 1 கிராம், ஐந்து நாள் டிரிப். வலிப்பு மாத்திரைக்கு அசையாத வெட்டு மூன்றாம் நாள் பாதியாகக் குறைந்தது, வார முடிவில் இல்லை. பிறகு ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின், எடைக்குக் கிலோவுக்கு 0.4 கிராம் கணக்கில். மறதி அப்படி உடனே விலகவில்லை, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெளிந்தது.

வீட்டுக்கு வந்தபின் ஸ்டீராய்டு மாத்திரை படுத்திய பாடு தனிக்கதை. சர்க்கரை ஏறியது, தூக்கம் போனது, எதற்கெடுத்தாலும் கத்தினார். சீக்கிரம் நிறுத்திவிடலாமா என்று நாங்களே கெஞ்சினோம், முடியாது, மெதுவாகத்தான் குறைக்க வேண்டும் என்றார் மருத்துவர். அப்படி மெதுவாகக் குறைத்தும் 20 மில்லிகிராமில் வெட்டு திரும்ப எட்டிப்பார்த்தது. ஹெபடைட்டிஸ் பி இல்லையென்று பார்த்துவிட்டு எதிர்ப்பு சக்தியை அடக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்து போட்டார்கள்.

எல்லா மறதியும் இப்படி மருந்தில் திரும்பாது, அந்த நம்பிக்கையை யாருக்கும் கொடுக்க மாட்டேன். ஆனால் மறதி வாரக்கணக்கில் வேகமாக ஏறினால், கூடவே வெட்டோ புதிதாக ஒரு குணமாற்றமோ இருந்தால், தேதி போட்டு எழுதிவையுங்கள், வீடியோ எடுங்கள், 'ஆன்டிபாடி பார்க்க வேண்டுமா' என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

ஒன்றரை வருஷம் ஆயிற்று. மாத்திரை 5 மில்லிகிராமில் நிற்கிறது, வீட்டுக் கணக்கை மறுபடி அவரே எழுதுகிறார். அந்த மூன்று மாதம் மட்டும் அவருக்குச் சுத்தமாக இல்லை. ஒருநாள் வீடியோவைக் காட்டினேன். கையைப் பார்க்கவே இல்லை, "இந்தச் சட்டை இப்போ எங்கே?" என்றார்.