பண்டபெர்க்கில் என்ன சாப்பிடுவது?

சிட்னியிலும் மெல்பர்னிலும் இருக்கிற நம் ஆட்கள் போனில் பேசினால் முதலில் கேட்பது, "அங்க சாப்பாட்டுக்கு என்னதான் பண்றீங்க?" என்றுதான். கேட்கும் குரலில் கொஞ்சம் இரக்கமும் சேர்ந்திருக்கும். தெருவுக்குத் தெரு தோசைக் கடை இல்லை, ராத்திரி பத்து மணிக்குக் கொத்துப் பரோட்டா இல்லை, பிரிஸ்பேன் போய்வரும்போதெல்லாம் காரின் டிக்கி நிறைய மளிகை ஏற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. எல்லாம் உண்மைதான். ஆனால் பிரிஸ்பேனுக்கு வடக்கே நாலு, நாலரை மணி நேரம் காரோட்டி வந்தால் பர்னெட் ஆற்றங்கரையில் இருக்கும் இந்தப் பண்டபெர்க்கைச் சுற்றி என்ன விளைகிறது என்று பாருங்கள்: கரும்பு, இஞ்சி, சக்கரவள்ளிக் கிழங்கு, மாம்பழம், தக்காளி, குடமிளகாய், பேஷன் ஃப்ரூட், அவகாடோ, மக்கடேமியா. மண் வேறு செக்கச்செவேல் என்று இருக்கும். நம் சமையலறைக்கு இதைவிட நெருக்கமான ஆஸ்திரேலிய ஊர் எனக்குத் தெரிந்து இல்லை. ஊர்க்காரர்கள் எங்கே வாங்குகிறார்கள், எப்போது எது வருகிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் சொல்ல வேண்டியது சாலையோரக் கடைகளைத்தான். கடை என்று பேர்தான், ஆள் இருக்க மாட்டார். பண்ணை வாசலில் ஒரு தகரக் கூரை, அதன் கீழே மரத்தட்டில் பை பையாகக் காய்கள், பக்கத்தில் காசு போட ஒரு பெட்டி, இப்போது சில இடங்களில் ஸ்கேன் செய்து அனுப்ப ஒரு அட்டையும் ஒட்டியிருக்கிறார்கள். பை 2 டாலர், 3 டாலர் என்று எழுதியிருக்கும். எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போகவேண்டியதுதான். சூப்பர் மார்க்கெட் வாங்க மறுக்கிற கோணல் காய்களும் அளவு மீறிப் பெருத்தவையும்தான் பெரும்பாலும் இங்கே வரும், ருசியில் அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. பார்கரா பக்கம் கடற்கரைக்குப் போகிறவர்கள் நேராகப் போய்த் திரும்பிவிடாமல் உள்சாலைகளில் ஒரு சுற்று சுற்றினால் ஒரு வாரத்துக்கான காய்கறி சேர்ந்துவிடும், கையில் சில்லறை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் சக்கரவள்ளிக் கிழங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆஸ்திரேலியாவில் விளையும் சக்கரவள்ளியில் பெரும்பங்கு இந்த ஊர் மண்ணிலிருந்துதான் போகிறது. இங்கே அதிகம் கிடைப்பது ஆரஞ்சு நிறச் சதை உள்ளது, அதில் ஈரம் அதிகம், நம் ஊர்க் கிழங்குபோல வேகவைத்தால் குழைந்துவிடும், அதனால்தான் நம்மில் பலர் ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டு ஒதுக்கிவிடுகிறார்கள். அதை அவிக்கவே கூடாது. முழுக் கிழங்கைத் தோலோடு ஓவனில் வைத்து, 180 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மெதுவாகச் சுட வேண்டும். கிழங்கின் உள்ளே இருக்கும் நொதி 60, 70 டிகிரிச் சூட்டில்தான் மாவுச்சத்தை இனிப்பாக மாற்றுகிறது, அந்தச் சூட்டைக் கிழங்கு எவ்வளவு நிதானமாகக் கடக்கிறதோ அவ்வளவு இனிக்கும், மைக்ரோவேவில் வைத்தால் அதற்கு நேரமே கிடைப்பதில்லை. தோலில் பாகு கசிந்து கருகத் தொடங்கினால் எடுத்துவிடலாம். ஊதாத் தோலும் வெள்ளைச் சதையும் உள்ள இன்னொரு வகை இருக்கிறது, அது மாவாக இருக்கும், பொரியலுக்கும் அவித்துத் தேங்காய் துருவிப் போடுவதற்கும் அதுதான் சரி. சாலையோரக் கடையில் இரண்டும் கிடைக்கும். எதை வாங்கினாலும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், குளிர் பட்டால் நடுவில் கட்டி விழுந்து வேகாமல் போகும்.

மக்கடேமியா என்பது முந்திரிபோல ஒரு பருப்பு, அதன் மரம் இந்தக் குவீன்ஸ்லாந்து மாநிலத்துக் காட்டு மரம், இந்த மண்ணின் சொந்தப் பிள்ளை. இன்று ஆஸ்திரேலியாவிலேயே அதிகமாக மக்கடேமியா விளையும் வட்டாரம் பண்டபெர்க்தான். ஓட்டோடு வாங்கினால் மலிவு, ஆனால் அந்த ஓட்டைச் சாதாரணப் பாக்குவெட்டியால் ஒன்றும் செய்ய முடியாது, அதற்கென்று திருகுபிடி போட்ட உடைப்பான் விற்கிறார்கள், அதை வாங்கிவிடுவது நல்லது. பாயசத்தில் முந்திரிக்குப் பதிலாக இதை நெய்யில் வறுத்துப் போட்டுப் பாருங்கள். எண்ணெய் அதிகம் என்பதால் சட்டென்று சிவந்துவிடும், அடுப்பைச் சிறிதாக வையுங்கள். குருமாவுக்கு அரைத்துவிட்டால் முந்திரியைவிட வழுவழுப்பு. வீட்டில் நாய் வளர்க்கிறவர்கள் மட்டும் கீழே சிந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நாய்களுக்கு இது விஷம்.

இனி கரும்பு. ஜூன் வாக்கில் அரவை தொடங்கி நவம்பர், டிசம்பர் வரை போகும். இரண்டடி அகலப் பாதையில் கரும்பு ரயில்கள் ஊருக்கு நடுவே குறுக்கே போகும், காரை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். அறுவடைக்கு முன்னால் தோகையை எரிக்கிற வயல்கள் இன்னும் இருக்கின்றன, அன்றைக்குச் சாயங்காலம் கரித்தூள் நூல் நூலாகப் பறந்து வந்து கொடியில் காயும் துணியில் விழும். ஆலைப் பக்கமிருந்து வெல்லம் காய்ச்சுகிற வாசனைக்குக் கிட்டத்தட்ட நெருங்கிவருகிற ஒரு மணம் வரும். இவ்வளவு கரும்புக்கு நடுவில் இருந்தும் பொங்கலுக்கு நல்ல கரும்பு கிடைப்பது கஷ்டம் என்பது வருகிறவர்களுக்கு நம்ப முடியாததாக இருக்கும். காரணம் எளிது, இங்கே தை மாதம் என்பது கோடை மழைக்காலம், அரவை முடிந்து துளிர்த்த கட்டைக் கரும்பு அப்போது பச்சைப்பசேலென்று வளர்ந்துகொண்டிருக்கும், சாறு ஏறியிருக்காது. வயலில் இறங்கி ஒடிப்பதும் கூடாது. அது ஒருவருடைய நிலம் என்பதோடு, கரும்பு நோய் பரவாமல் இருக்க ஒரு வட்டாரத்துக் கரும்பை இன்னொரு வட்டாரத்துக்குக் கொண்டுபோகக்கூடச் சட்டக் கட்டுப்பாடு இருக்கிறது.

இங்கே யாரும் வெல்லம் காய்ச்சுவதில்லை. அதற்குப் பதில் கோல்டன் சிரப் என்று தேன் நிறத்தில் கரும்புப் பாகு வரும், இந்த ஊர்ச் சர்க்கரை ஆலையின் பெயரிலேயே கடையில் கிடைக்கும். அன்ஸாக் பிஸ்கட்டுக்கு ஓட்ஸும் தேங்காய்த் துருவலும் இந்தப் பாகும்தான் உயிர். எங்கள் வீட்டில் பிள்ளைகள் தோசைக்கும் தொட்டுக்கொள்கிறார்கள், நெய்யோடு சேர்த்தால் நன்றாகவே இருக்கிறது.

இந்தச் சர்க்கரையைப் பற்றி எழுதும்போது அதை யார் விளைவித்தார்கள் என்பதைச் சொல்லாமல் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. 1863-க்கும் 1904-க்கும் இடையில் வனுவாட்டு, சாலமன் தீவுகள் போன்ற இடங்களிலிருந்து ஏறத்தாழ 62,000 பேரைக் குவீன்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்தார்கள், அவர்களில் பலரை ஏமாற்றியும் கடத்தியும். வயலில் கிடந்த கருங்கற்களை அவர்கள் கையால் பொறுக்கி அடுக்கிய சுவர்கள் மோன் ரெப்போ பக்கம் இன்றும் நிற்கின்றன. வெள்ளையர் மட்டுமே குடியேறலாம் என்ற வெள்ளை ஆஸ்திரேலியாக் கொள்கை வந்ததும் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பினார்கள், தங்கிவிட்டவர்களின் குடும்பங்கள் இந்த ஊரில் இருக்கின்றன. 2021-ல் பண்டபெர்க் மேயர் ஊர் சார்பில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அந்தக் காலத்தை ஒட்டித்தான் பிஜியின் கரும்புத் தோட்டங்களுக்கு மதராஸ் துறைமுகத்திலிருந்து நம் ஆட்களையும் கப்பலேற்றினார்கள். அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்கும்போது அது யாரோ அந்நியருடைய கதை என்று எனக்குத் தோன்றுவதில்லை.

குடிக்கிற விஷயத்துக்கு வருவோம். பண்டபெர்க் என்ற பெயர் உலகம் முழுக்கத் தெரிவதே இரண்டு பாட்டில்களால்தான், ஒன்று ரம், இன்னொன்று ஜிஞ்சர் பியர். இரண்டும் வேறு வேறு நிறுவனங்கள், பெயர் மட்டும்தான் பொது. ரம் வந்த கதை சுருக்கமானது. சர்க்கரை ஆலைகளில் மொலாசஸ், அதாவது சர்க்கரை எடுத்தபின் தங்கும் கறுப்புப் பாகு, மிஞ்சிக்கொண்டே போனது, அதை என்ன செய்வது என்று யோசித்த ஆலைக்காரர்கள் 1888-ல் வடிசாலை ஆரம்பித்தார்கள். 1907-லும் 1936-லும் தீப்பிடித்து எரிந்து, திரும்பக் கட்டினார்கள். உள்ளூரில் அதைக் கோலாவோடு கலந்துதான் குடிக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை, சுற்றிப் பார்க்க வருகிறவர்களை வடிசாலைக்குக் கூட்டிக்கொண்டு போவதோடு சரி.

ஜிஞ்சர் பியர் வேறு. பெயரில் பியர் இருந்தாலும் சாராயம் கிடையாது, பிள்ளைகளும் குடிக்கலாம். இஞ்சியை அரைத்துக் கரும்புச் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துச் சில நாள் நொதிக்கவைத்துச் செய்கிறார்கள், அதனால்தான் எசன்ஸ் ஊற்றிய சோடாக்களில் இல்லாத ஒரு காரம் தொண்டையில் நிற்கிறது. பாட்டிலின் அடியில் இஞ்சித் துகள் தங்கியிருக்கும், திறப்பதற்கு முன் பாட்டிலை ஒருமுறை மெல்லத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும், குலுக்கக் கூடாது. வெயில் நேரத்தில் எலுமிச்சை பிழிந்து ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடித்தால் அதன் ருசியே தனி. ஆனால் 375 மில்லி பாட்டில் ஒன்றில் 40 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது, நம் வீடுகளில் சர்க்கரை நோய் எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்கே தெரியும், தினமும் குடிக்கிற பானம் இல்லை இது. அதே நிறுவனம் சார்சபரில்லா என்று ஒன்றும் போடுகிறது. நம் நன்னாரியும் அதுவும் வேறு வேறு செடிகள், ஆனாலும் முதல் வாயிலேயே நன்னாரி சர்பத் நினைவு வராத தமிழரை நான் இன்னும் பார்க்கவில்லை. அதிமதுர வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அவ்வளவுதான்.

காலை உணவு என்றால் இந்த ஊருக்கு பேக்கரிதான். கட்டட வேலைக்கும் பண்ணை வேலைக்கும் போகிறவர்கள் விடியற்காலை ஐந்து மணிக்கே வந்துவிடுவார்கள், ஒரு கையில் மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட சூடான பை (pie), இன்னொரு கையில் அட்டைப் பெட்டி ஐஸ் காபி. சாதாரண மீட் பை என்றால் உள்ளே இருப்பது மாட்டிறைச்சிக் கொத்துக்கறி, சாப்பிடாதவர்கள் கேட்டு வாங்க வேண்டும். கோழியும் காளானும் போட்டது, கீரையும் ரிக்கோட்டா சீஸும் சுருட்டியது என்று வேறு வகைகளும் இருக்கும், மிளகு தூக்கலாகப் போட்டது நம் நாக்குக்கு நன்றாகப் பொருந்தும். இனிப்பில் லேமிங்டனை விட்டுவிடாதீர்கள். கேக் துண்டைச் சாக்லேட்டில் தோய்த்துத் தேங்காய்த் துருவலில் புரட்டியது, 1896 முதல் 1901 வரை குவீன்ஸ்லாந்து கவர்னராக இருந்த லேமிங்டன் பிரபுவின் பெயர். அன்றைக்குச் செய்தது கிடைத்தால் மட்டும் வாங்குங்கள், பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கிவைத்தது வறண்டுபோயிருக்கும். காபிக் கடைகள் மத்தியானம் இரண்டு, மூன்று மணிக்கே மூடிவிடும், ராத்திரி எட்டு மணிக்கு மேல் பல ஓட்டல்களில் அடுப்பு அணைந்திருக்கும். இங்கே குடியேறுகிறவர்கள் முதலில் பழக வேண்டியது இந்த நேரக் கணக்குதான்.

மீன் விஷயத்தில் எனக்குப் பேச்சு நிற்காது. ஸ்பானிஷ் மேக்கரல் என்று பலகையில் எழுதியிருப்பது நம் வஞ்சிரம். பாரமுண்டி என்பது கொடுவா. வைட்டிங் என்பது கிழங்கான். பெயர் தெரியாமல் சால்மனே வாங்கிக்கொண்டிருக்கிற எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அது குளிர்நாட்டு மீன், இந்தக் கடலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மீன் கடையில் வஞ்சிரத்தைப் பொரிக்காமல் கல்லில் வாட்டித் தரச் சொல்லலாம், இல்லாவிட்டால் பச்சையாகத் துண்டு போட்டு வாங்கிவந்து வீட்டில் மிளகாய்த்தூள் தடவிக்கொள்ளலாம். மிகப் பெரிய மீனின் துண்டைவிட நடுத்தர மீனின் துண்டையே கேளுங்கள். பவளப்பாறைப் பக்கம் திரியும் பெரிய வஞ்சிரத்தில் சிகுவாடெரா என்ற நஞ்சு சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு, சமைத்தாலும் அது போகாது. தூண்டில் போடுகிறவர்களுக்கு ஒரு செய்தி, வஞ்சிரம் குறைந்துவருவதால் 2023 முதல் ஒருவர் ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம். சிப்ஸோடு பொட்டேட்டோ ஸ்காலப்பும் சொல்லுங்கள், நம் உருளைக்கிழங்கு பஜ்ஜியைக் கொஞ்சம் தடிமனாக, காரமில்லாமல் போட்டமாதிரி இருக்கும்.

அப்புறம் நண்டு. பர்னெட் ஆற்று முகத்துவாரத்திலும் சதுப்பு ஓடைகளிலும் கூண்டு வைத்துப் பிடிக்கிற பெரிய சேற்று நண்டு, மட் கிராப் என்பார்கள். குவீன்ஸ்லாந்தில் பெண் நண்டை எடுக்கவே கூடாது, ஆண் நண்டும் ஓட்டின் அகலம் 15 சென்டிமீட்டர் இருந்தால்தான் எடுக்கலாம், மற்றதைத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். நல்ல விதி, அதனால்தான் இன்னும் நண்டு இருக்கிறது. கடைகளில் பெரும்பாலும் அவித்துச் சிவக்கவைத்துத்தான் அடுக்கியிருப்பார்கள், அது குழம்புக்கு ஆகாது, இரண்டாவது முறை கொதித்தால் சதை நாராகிவிடும். உயிர் நண்டு வேண்டும் என்று இரண்டு நாள் முன்னதாகவே போனில் சொல்லிவைத்தால் எடுத்துவைப்பார்கள். விலை கூடுதல்தான், கிறிஸ்துமஸ் நெருங்கினால் இன்னும் ஏறும், அதனால் அதற்கு முன்னாலேயே சாப்பிட்டுவிடுவது புத்திசாலித்தனம். வாங்கும்போது ஓட்டின் அடிப்பக்கம் காலுக்கு மேலே அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், அமுங்கினால் ஓடு மாற்றிய நண்டு, உள்ளே சதை இருக்காது, தண்ணீர்தான் இருக்கும், அதை வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.