மாடிக்கு வைஃபை: 94-லேயே நின்ற வேகம்

எங்கள் வீட்டு ஃபைபர் ரூட்டர் கீழ் ஹாலில் இருக்கிறது. நடுவில் கான்கிரீட் தளம் என்பதால் மாடி அறைக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை எட்டவே எட்டாது, 2.4 மட்டும் ஒரு கோடு காட்டும். ரிப்பீட்டர் வாங்கச் சொன்னார்கள். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரில் வேகம் பாதியாகிவிடும். எனக்கு அதில் விருப்பமில்லை. சும்மா கிடந்த பழைய ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) ரூட்டரை ஆக்சஸ் பாயின்டாக, அதாவது கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் கருவியாக மாற்ற முடிவு செய்து, பால்கனி வழியாக கேட்-6 நெட்வொர்க் கேபிளை மேலே ஏற்றினோம்.

செட்டிங் பெரிய வேலை இல்லை. பழைய ரூட்டரை முதலில் லேப்டாப்பில் தனியாக இணைத்து, முகவரியை 192.168.1.2 ஆக்கினேன் (கீழே இருப்பது 192.168.1.1, அது மற்ற கருவிகளுக்கு 192.168.1.100-க்கு மேல்தான் முகவரி கொடுக்கிறது). அப்புறம் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை அதில் அணைத்தேன். முகவரி கொடுக்கும் வேலையை ஒரு ரூட்டர்தான் செய்ய வேண்டும். இரண்டும் கொடுத்தால் சில போன்களில் நெட் வரும், சிலவற்றில் வராது, காரணம் தேடியே அலுத்துவிடும். கேபிளை வான் (WAN, வெளியிலிருந்து நெட் வரும்) போர்ட்டில் செருகாமல் லேன் (LAN, வீட்டுக் கருவிகளுக்கான) போர்ட்டில் செருகினேன். பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளவையே. இரண்டும் மோதிக்கொள்ளாமல் இருக்க, 2.4-ல் கீழே சேனல் 1, மேலே 11.

நெட் உடனே வந்தது. ஆனால் 200 எம்பிபிஎஸ் திட்டத்தில் 94-ஐத் தாண்டவில்லை. ஆக்சஸ் பாயின்ட் பக்கத்தில் நின்றாலும் 94, அறை மூலையில் நின்றாலும் 94. வைஃபை கோளாறு என்றால் இடத்துக்கு இடம் எண் மாறும். இப்படி ஒரே எண்ணில் நின்றால் கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும். லேப்டாப்பில் நேராகச் செருகிப் பார்த்தேன்: இணைப்பு வேகம் 100.

கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள். 100-க்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகளே போதும். ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். கடையில் போட்டுக் கொடுத்த ஆர்ஜே-45 முனையை (கேபிள் நுனி பிளக்கை) வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பழுப்புக் கம்பி நுனிவரை போகாமல் பாதியிலேயே நின்றிருந்தது. வெட்டிவிட்டு, ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு என்று வரிசைப்படுத்தி, எட்டும் நுனியைத் தொடுவதைப் பார்த்த பிறகே புது முனையை அழுத்திப் பொருத்தினோம் (கிரிம்ப்). இணைப்பு 1000 காட்டியது. மாடியில் 190-க்கு மேல் வந்தபோது அவ்வளவு சந்தோஷம்!

இன்னொன்று மிச்சம் இருந்தது. மாடி ஏறிய பிறகும் போன் கீழ் ரூட்டரையே பிடித்துக்கொண்டிருந்தது. எதோடு சேர்வது என்று முடிவு செய்வது பெரும்பாலும் போன்தான். கீழ் ரூட்டரின் டிரான்ஸ்மிட் பவரை (சிக்னல் அனுப்பும் வலிமையை) மீடியத்துக்குக் குறைத்தேன். இப்போது படிக்கட்டு முடிகிற இடத்தில் மாறிவிடுகிறது. வீடியோ கால் மட்டும் அந்த நேரத்தில் ஒரு நொடி திணறும்.