திருமணக் கேசட்டுகளைப் பகிர்வதற்கு முன்

எங்கள் உறவினர்களில் பலர் 1980களிலும் 1990களிலும் எடுத்த திருமண வீடியோ கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றி யூடியூபில் ஏற்றி வருகிறார்கள். அதைப் பெரிதும் வரவேற்கிறேன். ஆனால் அப்படி வருபவற்றுள் பெரும்பாலானவை, வீடியோ கடைக்காரர் அன்று வெட்டி ஒட்டி, இதய வடிவச் சட்டத்துக்குள் மணமக்களை வைத்து, தொடக்கம் முதல் முடிவு வரை திரைப்படப் பாடல்களைப் போட்டுக் கொடுத்த பிரதிகளே என்பது எனக்கு வருத்தமளிக்கிறது. அந்தப் பாடல்களுக்கு அடியில் அன்றைய பேச்சு முழுவதும் அழிந்துவிட்டது. பாட்டி யாரை என்ன சொல்லி அழைத்தார், மொய் எழுதுபவர் எந்த ஊர்ப்பெயரை உரக்கச் சொன்னார், ஹாலஜன் விளக்கின் வெளிச்சத்தில் கண் கூசிய பெரியவர் பந்தியில் இலையை விட்டு நிமிராமல் கேமராக்காரரிடம் என்ன சொன்னார் என்பதெல்லாம் வெட்டப்படாத மூலக் கேசட்டில் மட்டுமே இருக்கும். ஆகவே முதலில் தேட வேண்டியது அதைத்தான். பாடல் சேர்த்த பிரதியை ஏற்றினால், பதிப்புரிமையைத் தானாகக் கண்டறியும் யூடியூபின் ஏற்பாடு அந்தப் பாடலைக் கண்டுகொண்டு ஒலியை முடக்கவும் கூடும்.

மாற்றும் வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. விஎச்எஸ் எனும் வகை வீடியோ கேசட்டின் நாடாவில் வழக்கமான ஒலித்தடம் ஓரத்தில் மெல்லிய கோடாகப் பதிவாகிறது. நாடாவின் ஓரம் மடங்கினாலோ நைந்தாலோ படம் ஓரளவு தெரியும்போதே குரல் கெட்டுவிடும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிப்பதும் இயல்பு. வெண்மையாகப் படிந்த கேசட்டை அப்படியே பிளேயரில் போட்டால் அது நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்தடுத்த கேசட்டுகளுக்கும் பரவும் என்பதால், அதைத் தனியே வைத்துத் தெரிந்தவரிடம் சுத்தம் செய்யக் கொடுப்பதே நல்லது. விசிஆர் எனும் வீடியோ கேசட் கருவியைக் கடைசியாகத் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016இல் அதை நிறுத்திய பிறகு, பழைய கருவிகளைப் பழுதுபார்த்து ஓட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. வெளிநாட்டு உறவினர் அனுப்பிய கேசட்டுகளில் இன்னொரு சிக்கல் உண்டு: தொலைக்காட்சிப் படத்தைப் பதியும் முறை நாட்டுக்கு நாடு வேறு; இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்தது பால் (PAL) முறை, கனடாவில் என்டிஎஸ்சி (NTSC) முறை. இரண்டையும் ஓட்டும் பிளேயர் இல்லாவிட்டால் டொரொன்டோவில் நடந்த திருமணம் இங்கே சரியாக ஓடாது.

இவற்றையெல்லாம்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது மஞ்சள் நீராட்டு விழாக் கேசட்டுகளைப் பற்றி. பதின்மூன்று வயதுப் பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்து, ஊரே வந்து நலங்கு வைப்பதை மணிக்கணக்கில் படமெடுத்திருப்பார்கள். அன்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. இன்று நடுவயதில் இருக்கும் அவரிடம் கேட்காமல், “பழைய நினைவுகள்” என்று தலைப்பிட்டு அதைப் பொதுவெளியில் வைப்பது அன்பினால் செய்யப்பட்டாலும் தவறுதான். எடுத்தவர் அப்பாவாக இருக்கலாம், கேசட்டைக் காத்தவர் அண்ணனாக இருக்கலாம்; வெளியிடலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அந்தப் பெண் மட்டுமே. குளிக்கும் குழந்தைகள் இருக்கும் காட்சிகளை இணையத்தில் ஏற்றவே வேண்டாம். பிரிந்துபோன தம்பதியரின் திருமணத்திலும் இருவரையும் கேட்டாக வேண்டும். குடும்பத்துக்குள் மட்டும் பார்ப்பதற்கு, இணைப்பு கையில் உள்ளவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கும் வசதியைப் பயன்படுத்தலாம். அந்த இணைப்பும் கைமாறக்கூடியது என்பதால் அதை முழுப் பாதுகாப்பாக எண்ணிவிடக் கூடாது.

ஏற்றிய பின்னும் மூலக் கோப்பை இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வீடுகளில் வைத்திருங்கள். யூடியூபில் இருப்பது சுருக்கப்பட்ட பிரதிதான். பந்திக் காட்சியை வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எத்தனையாவது நிமிடத்தில் யார், எந்த ஊர், என்ன முறை என்று எழுதி அந்தக் கோப்போடு சேர்த்து வையுங்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் யார் என்று எல்லோருக்கும் தெரியும். சாம்பார் வாளியோடு குறுக்கே நடந்துபோகிறவரை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் வீட்டுக்கு ஓரிருவரே இருக்கிறார்கள்.