பழைய காரில் புதிய மீட்டர்கள்: எர்த் இணைப்பிலிருந்து தொடங்கிய வேலை

சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து, பத்தாண்டைத் தாண்டிய ஹேட்ச்பேக் காரை இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவது என்று முடிவான பிறகு, எஞ்சின் ஆயிலின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் காட்டும் இரண்டு 52 மில்லிமீட்டர் மீட்டர்களைப் பொருத்தத் தொடங்கினேன். காரோடு வரும் ஆயில் எச்சரிக்கை விளக்கு, அழுத்தம் ஏறத்தாழ 0.3 முதல் 0.5 பார் வரை விழுந்த பிறகுதான் எரியும். குளிர்நீர் வெப்பத்தைக் காட்டும் முள்ளோ, ஓட்டுநர் கலவரப்படக் கூடாது என்பதற்காக, வெப்பம் ஓரளவு ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி பல கார்களில் அமைக்கப்பட்டிருக்கிறது. மாலை நெரிசலில் தீவு விரைவுச்சாலையில் ஊர்ந்து செல்லும் பழைய எஞ்சினுக்கு இவை இரண்டும் போதா.

ஆயில் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே அமரும் சாண்ட்விச் தட்டை, காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் காரை உயர்த்திப் பொருத்திக் கொடுத்தார். அதில் சென்சார் நுழையும் துளையின் மரையை மட்டும் வாங்கும்போதே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். 1/8 அளவில் அமெரிக்க என்பிடி மரைக்கு அங்குலத்துக்கு 27 சுற்றுகள், ஜப்பானியத் தயாரிப்புகளில் பரவலாக உள்ள பிஎஸ்பிடி மரைக்கு 28 சுற்றுகள் என்பதால், ஒன்றில் மற்றொன்று முதலில் இறங்குவதுபோல் இருந்து பிறகு மரையைக் கெடுத்துவிடும். கசிவைத் தடுக்கும் வெள்ளை டேப்பை மரையில் சுற்றி சென்சாரைத் திருகப் போன என்னிடம் அண்ணன் சொன்னார்: “தம்பி, அந்த வெள்ளை டேப்பை எடுத்து வச்சிரு. இந்த சென்சாருக்கு எர்த்தே அந்த மரைதான்.”

இந்த வேலையில் நான் அதிக நேரம் செலவிட்டது எர்த்தில், அதாவது மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் பாதையில்தான். அதற்குக் காரணமும் உண்டு. ஒற்றை ஒயர் சென்சாரில் மின்சாரம் எஞ்சின் உடல் வழியாகத்தான் திரும்புகிறது. வெப்ப சென்சாரின் மின்தடை சூடு ஏற ஏறக் குறைந்து, ஆயில் நன்றாகச் சூடான நிலையில் சில பத்து ஓம்களுக்கு இறங்கிவிடும். அழுத்த சென்சாரில், நான் வாங்கிய ஐரோப்பிய வகையில், அழுத்தம் இல்லாதபோது ஏறத்தாழ 10 ஓம், முழு அழுத்தத்தில் ஏறத்தாழ 180 ஓம் என்று மின்தடை கூடிக்கொண்டே போகும். துருவாலோ தளர்ந்த போல்ட்டாலோ எர்த் பாதையில் இரண்டு மூன்று ஓம் சேர்ந்தால், வெப்ப மீட்டர் உள்ளதைவிடக் குறைத்தும், அழுத்த மீட்டர் உள்ளதைவிடக் கூட்டியும் காட்டும். அதாவது, இரண்டு மீட்டர்களும் ஒரே நேரத்தில் நமக்கு ஆறுதலான பொய்யைச் சொல்லும். தவறான திசையில் நம்பிக்கை தரும் மீட்டரைவிட மீட்டரே இல்லாத கார் மேல் என்பது என் எண்ணம்.

ஆகவே மீட்டர்களுக்கு இடம் தேடுவதற்கு முன்பே, எஞ்சினை ஓடவிட்டு, முகப்பு விளக்குகளையும் ஏர்கான் விசிறியையும் முழு அளவில் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வைத்து, மறுமுனையால் ஒவ்வோர் எர்த் இடமாகத் தொட்டுப் பார்த்தேன். ரேடியோவுக்குப் பின்னால் கைக்கு எளிதாக எட்டும் இரும்புச் சட்டத்தில் 0.18 வோல்ட் வேறுபாடு இருந்தது. ஓட்டுநரின் காலருகே தொழிற்சாலையிலேயே போட்ட எர்த் போல்ட்டில் 0.03 வோல்ட்தான். எஞ்சினுக்கும் காரின் உடலுக்கும் இடையே உள்ள பின்னல் பட்டை பச்சை பூத்துக் கிடந்ததால் அதை மாற்றிவிட்டேன். மீட்டர்களின் எர்த்தைக் காலருகே முடிக்காமல், தனி ஒயராக, தகட்டுத் துளையில் ஒயர் உரசாமல் காக்கும் ரப்பர் வளையமான குரோமெட் வழியே எஞ்சின் அறைக்குக் கொண்டுசென்று, பேட்டரி நெகட்டிவ் கேபிள் காரின் உடலில் சேரும் போல்ட்டிலேயே முடித்தேன். நேராக பேட்டரி முனையில் மாட்டாததற்குக் காரணம், சில கார்களில் அம்முனையிலேயே மின்னோட்ட சென்சார் இருக்கும் என்பதும், அதைத் தாண்டிச் செல்லும் இணைப்பு அதன் கணக்கைக் குழப்பும் என்பதும்தான். என் காரில் அது இல்லை, ஆனாலும் பழக்கம் நல்லது.

பாசிட்டிவ் பக்கம் எளிது. ரிவர்ஸ் விளக்கின் ஃபியூஸ் என் காரில் சாவியைத் திருப்பினால் மட்டுமே உயிர் பெறுவதால், அங்கே, பழைய ஃபியூஸோடு புதிய ஃபியூஸ் ஒன்றையும் தாங்கிக் கூடுதல் இணைப்பு தரும் ஃபியூஸ் டேப் (fuse tap) ஒன்றைச் செருகினேன். ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் கணினி ஆகியவற்றின் ஃபியூஸ்களை நான் தொடவில்லை. ஃபியூஸைக் கழற்றிவிட்டு, இரண்டு பற்களில் எதில் 12 வோல்ட் வருகிறது என்று பார்த்து, ஃபியூஸ் டேப்பில் இரண்டு ஃபியூஸ்களுக்கும் பொதுவான காலை அந்தப் பக்கம் வைக்க வேண்டும். திருப்பி வைத்தால் மீட்டர்களின் மின்சாரமும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகும். சிம் லிம் டவரில் வாங்கிய 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு 2 ஆம்பியர் ஃபியூஸ் போட்டேன். ஃபியூஸ் காப்பது ஒயரைத்தான் என்பதால், கையில் இருக்கிறதே என்று 10 ஆம்பியரைச் செருகுவதில் பொருளில்லை. இணைப்புகளை எல்லாம் கிரிம்ப் செய்தேன், அதாவது உலோக முனையில் ஒயரை வைத்து நெரித்து இறுக்கினேன். ஈயம் பற்றவைத்த ஒயர், பற்றவைப்பு முடியும் இடத்தில் விறைத்து, அதிர்வில் அங்கேயே முறிவதுண்டு.

மீட்டர்களை முன்தூணில் வைத்தால் பார்க்க அழகாக இருந்திருக்கும். ஆனால் பக்கவாட்டு ஏர்பேக் விரிவது அங்கேதான் என்பதால், ரேடியோவுக்குக் கீழே உள்ள பெட்டியில் பதித்தேன்.

இப்போது காலையில் குளிர்ந்த எஞ்சினை முடுக்கியதும் அழுத்தம் 4 பாருக்கு மேல் ஏறி, ஆயில் சூடானபின் சும்மா நிற்கையில் 1.5 பாருக்கு வருகிறது. விரைவுச்சாலை நெரிசலில் ஆயில் 100 டிகிரியை ஒட்டி நிற்கிறது. மீதமிருப்பது ஒரே வேலை. அழுத்த சென்சார் கனமானது. எஞ்சின் அதிர்வில் அதன் கழுத்து ஒடியாமல் இருக்க, பின்னல் குழாய் ஒன்றின் வழியே அதைக் காரின் உடலுக்கு மாற்றப் போகிறேன். மாற்றியதும் சென்சார் எஞ்சினைத் தொடாது என்பதால், அதன் உடலைச் சுற்றி ஒரு கிளிப் மாட்டி, அதிலிருந்து மீட்டர்களின் எர்த் முடியும் அதே போல்ட்டுக்குத் தனி ஒயர் ஒன்றை இழுத்து, வண்டியை எடுப்பதற்கு முன் மல்டிமீட்டரால் மறுபடியும் அளந்து பார்க்க வேண்டும்.