இரண்டு பென்னி காசு: ‘மேரி பாப்பின்ஸ்’ பார்த்த நாட்கள்

மே 2, வெள்ளி

‘மேரி பாப்பின்ஸ்’ படத்தை நேற்று இரவு அண்ணன் மகளுக்குப் போட்டுக் காட்டினேன். அவளுக்கு எட்டு வயது. படம் 1964இல் வந்தது, 139 நிமிடம் ஓடும். பாதியிலேயே எழுந்து போய்விடுவாள் என்றுதான் அண்ணி சொல்லியிருந்தார். ஆனால் அவள் அசையவில்லை. இன்று காலை பல் தேய்க்கும்போதே, “அத்தை, இன்னைக்கும் அதேதானே?” என்று கேட்டுவிட்டாள்.

விடுமுறை முடியும்வரை இங்கேதான் இருப்பாள். அதனால் படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பார்த்து இங்கே எழுதிவைக்கலாம் என்று நினைக்கிறேன். இந்தப் படம் என்றாலே குடை, பறக்கும் ஆயா, பென்குவின் நடனம் என்று பேசுவார்கள். எனக்கும் அவை பிடிக்கும். ஆனாலும் படத்தை இத்தனை வருடம் தாங்கி நிற்பது மைக்கேல் என்ற சின்னப் பையன் கையில் இருக்கும் இரண்டு பென்னிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் காசு யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று பார்த்தாலே போதும், கதை பிடிபட்டுவிடும்.

தெரியாதவர்களுக்குக் கதைச் சுருக்கம். 1910, லண்டன், செர்ரி ட்ரீ லேன், 17ஆம் எண் வீடு. ஜார்ஜ் பேங்க்ஸுக்கு வங்கியில் வேலை. மனைவி வினிஃபிரெட் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடுகிறவர். பிள்ளைகள் ஜேன், மைக்கேல். வருகிற ஆயாக்கள் எல்லாம் ஓடிவிடுகிறார்கள். தங்களுக்கு எப்படிப்பட்ட ஆயா வேண்டும் என்று பிள்ளைகளே எழுதிக் கொடுக்க, அப்பா அதைக் கிழித்துக் கணப்பில் போடுகிறார். துண்டுகள் புகைபோக்கி வழியாக மேலே போகின்றன. மறுநாள் கிழக்குக் காற்று வீசுகிறது. வாசலில் வரிசையில் நிற்கும் ஆயாக்களைக் காற்று அள்ளிக்கொண்டு போக, மேரி குடையைப் பிடித்தபடி இறங்குகிறாள்.

மே 3, சனி

இன்று முதல் ஒரு மணி நேரம் பார்த்தோம். கம்பளிப் பையிலிருந்து மேரி தொப்பி மாட்டும் ஸ்டாண்டை எடுக்கிறாள், சுவர்க் கண்ணாடியை எடுக்கிறாள், தொட்டிச் செடியை எடுக்கிறாள். மைக்கேல் மேசைக்கு அடியில் குனிந்து பார்க்கிறான். நாம் சந்தேகப்படுகிற அதே நொடியில் படத்திலும் ஒரு பிள்ளை சந்தேகப்படுகிறது. அப்புறம் மருந்து. ஒரே பாட்டிலிலிருந்து ஆளுக்கொரு நிறத்தில் ஊற்றுகிறது, ஆளுக்கொரு சுவை. அண்ணன் மகள் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள்.

அவள் கவனித்த ஒன்றைக் குறித்துவைக்க வேண்டும். “இந்த அக்கா எதுக்குமே காரணம் சொல்ல மாட்டேங்கிறாங்க” என்றாள். உண்மைதான். அன்று பகலெல்லாம் ஓவியத்துக்குள் போய் மரக்குதிரையில் பந்தயம் ஓடிவிட்டு, ராத்திரி பிள்ளைகள் அதைப் பற்றிப் பேசினால், மரியாதையான பெண்ணைப் பார்த்து இப்படிச் சொல்வதா என்று மேரி கோபித்துக்கொள்கிறாள். கட்டிப் பிடித்துக் கொஞ்சுவதும் கிடையாது. கண்டிப்பான முகம், நேரான முதுகு. ஜூலி ஆண்ட்ரூஸ் அதை ஒரு இடத்தில்கூடத் தளர்த்தவில்லை. அந்தக் கண்டிப்பு இல்லாமல் போயிருந்தால் மாயமெல்லாம் திகட்டியிருக்கும்.

அவருக்கு இது முதல் படம். பிராட்வே மேடையில் ‘மை ஃபேர் லேடி’யில் பெயர் வாங்கியவர் அவர். அதைப் படமாக எடுத்தபோது அந்த வேடம் ஆட்ரி ஹெப்பர்னுக்குப் போனது. இந்தப் படத்தைத் தயாரித்த வால்ட் டிஸ்னி அழைத்த நேரத்தில் ஜூலி கர்ப்பமாக இருந்தார். குழந்தை பிறக்கும்வரை காத்திருக்கிறோம் என்று டிஸ்னி காத்திருந்தார். 1965 ஆஸ்கரில் சிறந்த நடிகை விருது ஜூலிக்கு. படத்துக்கு 13 பரிந்துரைகள், 5 விருதுகள்.

பாடல்கள் ராபர்ட், ரிச்சர்ட் ஷெர்மன் சகோதரர்கள் எழுதியவை. ‘அ ஸ்பூன்ஃபுல் ஆஃப் ஷுகர்’ பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மேரிக்கென்று முதலில் எழுதிய பாட்டு ஜூலிக்குப் பிடிக்கவில்லை. வேறு யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில் ராபர்ட்டின் மகன் பள்ளியில் போலியோ மருந்து போட்டுக்கொண்டு வந்தான். வலித்ததா என்று அப்பா கேட்க, சர்க்கரைக் கட்டியில் மருந்தை விட்டுக் கொடுத்தார்கள் என்றான் பையன். பாட்டு கிடைத்துவிட்டது.

மே 5, திங்கள்

இன்று ஒரே பாட்டு. ‘ஃபீட் த பேர்ட்ஸ்’.

மறுநாள் அப்பாவோடு வங்கிக்குப் போக வேண்டிய பிள்ளைகளுக்கு மேரி பாடும் தாலாட்டு இது. செயின்ட் பால் பேராலயத்தின் படிகளில் ஒரு கிழவி உட்கார்ந்து புறாக்களுக்குத் தீனி விற்கிறாள். ஒரு பை இரண்டு பென்னி. அவ்வளவுதான் பாட்டு. படத்தின் மற்ற பாடல்கள் குதிக்கின்றன, ஓடுகின்றன. இது மட்டும் நடந்துதான் போகிறது. கிழவியாக வருபவர் ஜேன் டார்வெல். 1940இல் ‘த கிரேப்ஸ் ஆஃப் ராத்’ படத்தில் பஞ்சம் பிழைக்கப் போகும் குடும்பத்தின் தாயாக நடித்து ஆஸ்கர் வாங்கியவர். இதுவே அவருடைய கடைசிப் படம். வாய் திறந்து ஏறக்குறைய ஒன்றுமே பேசுவதில்லை. அந்த முகம் போதும்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் வால்ட் டிஸ்னி ஷெர்மன் சகோதரர்களை அறைக்குக் கூப்பிட்டு இந்தப் பாட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்பாராம். ரிச்சர்ட் பல பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார். படம் எதைப் பற்றியது என்று அவர்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருக்கிறது.

மறுநாள் போகிற வழியில் பிள்ளைகள் அந்தக் கிழவியைப் பார்த்துவிடுகிறார்கள். மைக்கேலிடம் இரண்டு பென்னி இருக்கிறது, அவனுடைய சொந்தக் காசு. தீனி வாங்க வேண்டும் என்கிறான். அப்பா விடவில்லை. அதை வங்கியில் போட்டால் என்ன ஆகும் என்று வந்து பார் என்கிறார்.

மே 6, செவ்வாய்

வங்கிக் காட்சியை இன்று மட்டும் மூன்று முறை ஓட்டிவிட்டேன்.

நடக்க முடியாமல் நடந்து வரும் தொண்டு கிழ முதலாளி டாஸும், மேரியின் நண்பன் பெர்ட்டாக ஆடிப் பாடும் டிக் வான் டைக்கும் ஒரே ஆள். அந்தக் கிழவர் வேடத்தைக் காசு வாங்காமலே செய்கிறேன் என்று கேட்டு வாங்கியவர் அவர், டிஸ்னி தொடங்கிய கலைக் கல்லூரிக்கு 4,000 டாலர் நன்கொடையும் கொடுத்தார். அவருடைய லண்டன் உச்சரிப்பை ஆங்கிலேயர்கள் இன்றுவரை கேலி செய்கிறார்கள். அந்தக் காலும் இடுப்பும் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தால் உச்சரிப்பு ஒரு பொருட்டே இல்லை.

வங்கிக்காரர்கள் பையனைச் சுற்றி நின்று பாடுகிறார்கள். உன் இரண்டு பென்னியை எங்களிடம் கொடு, அது ஆப்பிரிக்காவில் ரயில் பாதையாகும், நைல் நதிக்கு அணையாகும், கப்பலாகும், தேயிலைத் தோட்டமாகும் என்று அடுக்குகிறார்கள். தேயிலைத் தோட்டம் என்று வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். கதை நடக்கும் 1910இல் இலங்கை மலையகத்திலும், ஆனைமலையிலும், நீலகிரியிலும் அந்தச் செடிகளுக்கு நடுவே யார் நின்றுகொண்டிருந்தார்கள்? கங்காணியிடம் முன்பணம் வாங்கி, அந்தக் கடனோடு மலை ஏறிய நம் ஊர் ஜனங்கள். லண்டன் பங்குதாரருக்குப் போன லாபத்தின் மறுமுனை அங்கே இருந்தது. பாட்டு அவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேராசையைப் படம் போற்றவும் இல்லை. கிழவர் காசைப் பிடுங்குகிறார், “என் காசைக் கொடு!” என்று பையன் கத்துகிறான், அதைக் கேட்ட வாடிக்கையாளர்கள் பயந்து தங்கள் பணத்தைத் திரும்பக் கேட்டுக் குவிகிறார்கள். இரண்டு பென்னியால் ஒரு வங்கியே ஆட்டம் காண்கிறது.

பக்கத்து வீட்டுக் கப்பல் தளபதி, கரி பூசிய முகத்தோடு ஆடும் புகைபோக்கித் தொழிலாளர்களைப் பார்த்து ஆப்பிரிக்க மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல்லைச் சொல்கிறார். அதற்காக 2024இல் பிரிட்டன் தணிக்கை வாரியம் படத்தை எல்லோரும் பார்க்கலாம் என்ற ‘யு’விலிருந்து பெரியவர் துணை வேண்டும் என்ற ‘பிஜி’க்கு மாற்றியது. செய்தது சரிதான். பெரியவர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தால் குழந்தைக்குப் புரியும். நானும் சொன்னேன்.

மே 8, வியாழன்

லண்டனை லண்டனில் எடுக்கவில்லை. எல்லாம் கலிஃபோர்னியா பர்பேங்க் ஸ்டுடியோவுக்குள்தான். மேகம், கூரைகள், பேராலயம் எல்லாம் பீட்டர் எலன்ஷா தலைமையில் கண்ணாடியில் தீட்டிய ஓவியங்கள். கூரைக்கு மேல் அந்திவானத்தில் புகை எழும் இடத்தைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும்.

ஓவியத்துக்குள் போகும் காட்சியில் மேரியின் தொப்பியிலிருந்து முகத்தில் விழும் மெல்லிய வலைத்துணியைக் கவனித்தேன். வலையின் கண் வழியாகப் பின்னால் இருக்கும் வரைந்த காடு தெரிகிறது. ஓரத்தில் நீலக்கோடு இல்லை, பிசிறு இல்லை. இதை எடுத்த விதம் இப்படி: நடிகர்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் திரை, அதன் மேல் சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி. தெருவிளக்கில் நாம் பார்த்த அதே மஞ்சள்தான், 589 நானோமீட்டர். காமிராவுக்குள் ஒரு பட்டகம் அந்த ஒரே ஒரு மஞ்சளைத் தனியே பிரித்து வேறொரு ஃபிலிமில் விழச் செய்யும். நடிகரின் நிழலுரு துல்லியமாகத் தனியே கிடைத்துவிடும். பெட்ரோ விளாஹோஸ், அப் ஐவர்க்ஸ் போன்றவர்கள் உழைத்து உருவாக்கிய முறை இது. இன்றைக்குப் பச்சைத் திரையில் ஒரு முடியை வெட்டி எடுக்கப் படும் பாட்டை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

மே 10, சனி

படத்தின் மிகச் சிறந்த இடம் என்று நான் நினைப்பதற்கு வந்தாயிற்று. குழந்தைப் படம் என்று சொல்லப்படும் ஒன்றில் ஒரு நடுத்தர வயது ஆள் ராத்திரியில் தனியாக நடந்து போகும் காட்சி.

பேங்க்ஸுக்கு வங்கியிலிருந்து அழைப்பு வருகிறது. வேலை போகப் போகிறது என்று தெரிந்துவிட்டது. பெர்ட் அவரிடம், பிள்ளைகள் வளர்ந்து போய்விடுவார்கள், கொடுக்க நினைக்கிறபோது நேரம் இருக்காது என்று பாட்டாகவே சொல்லிவிட்டுப் போகிறான். அப்போது பிள்ளைகள் வருகிறார்கள். இதை வைத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்று மைக்கேல் அந்த இரண்டு பென்னியை அப்பாவின் கையில் வைக்கிறான். பேங்க்ஸாக நடிக்கும் டேவிட் டாம்லின்சன் அந்த இடத்தில் நன்றி மட்டும்தான் சொல்கிறார். முகம் மீதியைச் சொல்லிவிடுகிறது.

அப்புறம் அந்த நடை. வசனம் இல்லை. ஈரத் தெரு, இருட்டு, பின்னணியில் கிழவியின் பாட்டு கூட்டுக்குரலில் எழுகிறது. பேராலயப் படிகளில் கிழவி இல்லை. காலையில் அவளைத் திரும்பிப் பார்க்கக்கூட மறுத்த ஆள் இப்போது அந்தப் பாட்டுக்குள் நடந்து போகிறார். மெட்டை மாற்றவில்லை, சொல்லை விளக்கவில்லை. மேரி யாருக்காக வந்தாள் என்பது இங்கே தெரிந்துவிடுகிறது.

வங்கியில் அவர் கோட்டில் இருந்த பூவைப் பிய்க்கிறார்கள், குடையை உள்வெளியாகத் திருப்புகிறார்கள், தொப்பியில் குத்துவிடுகிறார்கள். “ஏன் அத்தை திட்டாம தொப்பியை உடைக்கிறாங்க?” என்று கேட்டாள் இவள். அந்தக் காலத்து வங்கிக்காரனுக்கு அதுதான் சீருடை, பட்டாளத்துக்காரன் பட்டையைப் பிடுங்குகிற மாதிரி என்றேன். பேங்க்ஸ் சட்டைப் பைக்குள் கையை விட, இரண்டு பென்னி தட்டுப்படுகிறது. சிரிப்பு வந்துவிடுகிறது. பிள்ளைகளிடம் கேட்ட, மரத்தாலான கால் பற்றிய ஜோக்கைச் சொல்லிவிட்டு, காசைக் கிழ முதலாளி கையிலேயே கொடுத்துவிட்டு வெளியேறுகிறார்.

மே 11, ஞாயிறு

காலையில் பேங்க்ஸ் பட்டத்தை ஒட்டிவைத்துக்கொண்டு வருகிறார். இரண்டு பென்னிக்குத் தாளும் நூலும் வாங்கினால் சிறகு கிடைத்துவிடும் என்று பாட்டு தொடங்குகிறது. காசு போய்ச் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது. இவள் உடனே பிடித்துக்கொண்டாள், “அதே ரெண்டு பென்னி!” என்று.

ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. பட்டத்துக்கு வாலாக வினிஃபிரெட் தன் போராட்டப் பட்டையைக் கட்டுகிறார். பலர் அதை அழகு என்பார்கள். பிரிட்டனில் பெண்களுக்கு ஓட்டு 1918இல்தான் வந்தது, அதுவும் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். ஆண்களுக்குச் சமமாக வர 1928 ஆயிற்று. அப்பா வேலையை விட்டு வந்ததற்குப் படம் அரை மணி நேரம் கொடுக்கிறது. அம்மா அந்தப் பட்டையைக் கொடுப்பதற்கு ஒரு நொடிகூடக் கொடுக்கவில்லை.

மூல நூலாசிரியை பி. எல். டிராவர்ஸுக்கும் படத்தோடு பெரிய சண்டை இருந்தது. கார்ட்டூன் பகுதி அவருக்குப் பிடிக்கவே இல்லை. 1964 ஆகஸ்ட் 27 முதல் காட்சியில் அழுதார். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், வங்கியில் வேலை பார்த்த அப்பா, இவருக்கு ஏழு வயதாக இருந்தபோது இறந்துபோனார். டிராவர்ஸ் என்ற பெயரே அப்பாவின் முதல் பெயர்தான். தன் மேரியை அவர் விட்டுக்கொடுக்க மறுத்ததில் எனக்கு வியப்பில்லை.

1934இல் வந்த அந்த முதல் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். அதில் படத்தில் இல்லாத இரட்டைக் குழந்தைகள் உண்டு. பறவை பேசுவதும் காற்று பேசுவதும் பல் முளைக்கும்வரை அவர்களுக்குப் புரியும். இவளுக்கு முதலில் அந்த அத்தியாயத்தைத்தான் படித்துக் காட்டப் போகிறேன்.