றோலாண்ட் சேர்

எங்கள் விலங்கியல் சேர் இந்த மாசி மாதம் ஊரிலேயே காலமாகிவிட்டார். மலர்க்குழு அவரைப் பற்றி எழுதக் கேட்டது. கரும்பலகையில் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அவர் படம் கீறுவதைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நான் விடுதிப் பொடியன். கீழ் டோர்மில் இருந்த எங்களுக்கு அவர் றோலாண்ட் சேர்.

பெயர் வந்த கதை புதியவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். சேர் 1957 இல் புலமைப்பரிசில் பெற்றுப் பிலடெல்பியாவுக்குப் படிக்கப் போனார். அந்த ஒக்டோபரில்தான் அங்கே டபிள்யூ.சி.ஏ.யூ. தொலைக்காட்சியில் ‘ஷொக் தியேட்டர்’ தொடங்கியது. யூனிவர்சல் கம்பனியின் பழைய திகில் படங்கள் உட்பட 52 படங்களை ஒரே கட்டாக அமெரிக்கா முழுவதும் உள்ள நிலையங்களுக்கு அப்போது விற்றிருந்தார்கள். பல படங்கள் இருபது, இருபத்தைந்து வருடப் பழசு. நடுச்சாமத்தில் அவற்றைச் சும்மா ஓட்டினால் யார் விழித்திருந்து பார்ப்பார்கள்? அதனால் பல நிலையங்கள் ஓர் ஆளுக்கு வேடம் போட்டுப் படத்துக்கு முன்னும் இடையிலும் பேச விட்டன. பிலடெல்பியாவில் அந்த ஆள் ஜோன் சக்கர்லி. நீளமான கறுப்புக் கோட்டு, நடுவகிடு, ஒட்டிய கன்னம். றோலாண்ட் என்ற பெயரில் வளைந்த படிக்கட்டால் நிலவறைக்கு இறங்கி வருவார். அங்கே சவப்பெட்டிக்குள் மனைவி. ‘மை டியர்’ என்றுதான் அவளைக் கூப்பிடுவார். வெட்டுண்ட தலையில் வடிகிற இரத்தம் சொக்லேற் பாணி. கறுப்பு வெள்ளைத் திரையில் அதுவே போதும்.

நிலையம் ஒருநாள் ரசிகர்களை அழைத்தது. ஆயிரத்தைந்நூறு பேர் வருவார்கள் என்று பார்த்திருக்க, 13,000 பேர் அளவில் வந்து குவிந்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு யாழ்ப்பாணத்தானும் நின்றவன் என்று சேர் சொல்லும்போது அவருடைய நெஞ்சு நிமிரும்.

நாங்கள் அப்போது தொலைக்காட்சிப் பெட்டியையே கண்டதில்லை. இலங்கைக்கு அது வந்ததே 1979 இல்தான். எங்கள் விடுதிக்கு அதன் பிறகும் வரவில்லை. ஆகவே எங்களுடைய றோலாண்ட் முழுக்க முழுக்க சேர்தான். அவருடைய குரல், அவருடைய நிழல்.

சனிக்கிழமை இரவு, இரண்டாம் மணி அடித்து விளக்கு அணைந்த பிறகு, மேல் டோர்மிலிருந்து வரும் மரப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும். அரிக்கன் லாம்பைத் திரி குறைத்து, நாடிக்குக் கீழே பிடித்துக்கொண்டு இறங்குவார். கடைசிப் படிக்குப் பக்கத்தில் யாராவது ஒருவனுடைய ட்ரங்குப் பெட்டி தயாராக இருக்க வேண்டும். அதில் மூன்று தரம் தட்டி, “மை டியர், இண்டைக்கும் உம்மட பொடியள் ஒருத்தரும் நித்திரை கொள்ளேல்லை” என்பார். அதோடு படம் தொடங்கிவிடும்.

பனம்பழக் காலத்தில் தலை ஒன்றும் வரும். நன்றாகப் பழுத்துக் கறுத்த பனம்பழத்தை எனாமல் கோப்பைக்குள் வைத்து, விலங்கியல் கூடத்துக் கத்தியால் மேல்தோலை மெல்ல உரிப்பார். உள்ளே தும்பு தும்பாகச் செம்மஞ்சள் களி. லாம்பு வெளிச்சத்தில் அது அசல் மண்டைதான். விரலை உள்ளே விட்டு ஒரு கொத்துத் தும்பை இழுத்து, “இதுதான் ஞாபகம் இருக்கிற இடம்” என்று முன்வரிசைக்காரன் ஒருவனின் உள்ளங்கையில் வைப்பார். களி வழிந்து முழங்கை வரைக்கும் வரும். பழத்தின் வாசனை விடிந்தும் டோர்மை விட்டுப் போகாது. அடுத்த நாள் அதுவே பனங்காய்ப் பணியாரத்துக்குச் சமையற்கட்டுக்குப் போய்விடும்.

அவர் சொன்ன படங்களில் 1932 இல் வந்த ‘மம்மி’தான் எனக்கு இன்றைக்கும் முதலாவது. அதில் பிணம் எழும்பி நடப்பதைக் காட்டவே மாட்டார்கள். ஒரு கை வந்து ஏட்டுச்சுருளை எடுக்கும், பிறகு இரண்டு சீலைக்கீற்று நிலத்தில் இழுபட்டுக் கதவால் வெளியே போகும், அங்கிருந்த இளைஞன் பைத்தியம் பிடித்துச் சிரிப்பான், அவ்வளவுதான். சேர் லாம்பை அணைத்துவிட்டுக் கட்டில்களுக்கு நடுவே பழைய வேட்டிக் கிழிசல் ஒன்றை மெதுவாக இழுத்துக்கொண்டு நடந்தார். சீமெந்துத் தரையில் துணி உராயும் சத்தம். என் கட்டில் காலில் அது ஒருமுறை சிக்கி, விடுபட்டது. பிறகு பல திரையரங்குகளில் பல பேய்களைப் பார்த்துவிட்டேன். அந்தச் சத்தத்துக்குக் கிட்ட எதுவும் வரவில்லை.

எங்களுக்குப் பயம் புதிதில்லை. புளியமரத்து முனி, கிணற்றடிக் கொத்தி எல்லாம் வீட்டிலிருந்தே கூட வந்தவை. அவற்றைப் பற்றி இரவில் வாய் திறக்கவே அம்மம்மா விடமாட்டா. சேரோ பயத்தை நடுவில் வைத்து, எல்லோரும் சுற்றியிருந்து பார்க்கப் பழக்கினார். உச்சத்தில் சட்டென்று நிறுத்தி, “மை டியருக்கு நுளம்பு கடிக்குது, கொஞ்சம் பொறுங்கோ” என்று பெட்டிக்கு விசிறுவார். டோர்மே வெடித்துச் சிரிக்கும். சிரித்து முடிய, கதை இன்னும் ஆழத்துக்குப் போகும். புதிதாக வந்து வீட்டு ஞாபகத்தில் அழுத சின்னப் பொடியன்கள் அந்த இரவுகளில் அழவில்லை. இதைச் செய்வதற்கு எவ்வளவு அன்பு வேண்டும் என்பது எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகே விளங்கியது.

1981 மே 31 இரவு யாழ்ப்பாண நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். 97,000 புத்தகங்கள் என்பது பிறகு எண்ணிச் சொன்ன கணக்கு. அடுத்த சனிக்கிழமை சேர் லாம்பு இல்லாமல் இறங்கி வந்து கடைசிப் படியில் இருந்தார். ட்ரங்குப் பெட்டியை வழக்கம்போல வைத்திருந்தோம். அவர் தட்டவில்லை. “இண்டைக்குக் கதை இல்லை தம்பியவை. கேக்கிறதெண்டால் கேளுங்கோ” என்றார். பெரிய வகுப்புக்காரர் கேட்டார்கள். அவர் தெரிந்ததைச் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார். அதன் பிறகு சில சனிக்கிழமைகள் நடந்தன. சிரிப்புக்காக அவர் நிறுத்தும் இடங்கள் குறைந்துகொண்டே வந்தன.

83 க்குப் பிறகு நாங்கள் ஒவ்வொருவராக வெளிக்கிட்டோம். சேர் போகவில்லை. பிலடெல்பியாவில் படித்த ஆள், நினைத்திருந்தால் எல்லோருக்கும் முன்னமே போயிருக்கலாம். இருந்த பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டு அங்கேயே இருந்தார், இடம்பெயர்ந்த காலத்திலும்தான். ரொரன்ரோ எனக்கு எல்லாம் தந்தது. ஆனாலும் சேருடைய பிற்காலத்துப் பொடியன்கள் அவரைப் பற்றிப் பேசும்போது, எனக்குக் கிடைக்காமல் போன ஏதோ ஒன்று அவர்களிடம் இருக்கிறது என்று மனம் அடித்துக்கொள்ளும்.

சக்கர்லி 2016 ஒக்டோபர் 27 அன்று, 98 வயதில் இறந்தார். செய்தியைப் பார்த்ததும் ஊருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் வேடத்தோடு பேசும் காட்சித் துண்டுகளைக் கணினியில் பார்த்ததையும் சொன்னேன். அதே கோட்டு, அதே நடுவகிடு, நீங்கள் காட்டினது போலவே சேர் என்றேன். “குரல்?” என்று கேட்டார். உங்களுடையது இன்னும் கொஞ்சம் ஆழம் சேர் என்றேன். மறுமுனையில் ஓர் இருமல், பிறகு அந்தப் பழைய சிரிப்பு. “தம்பி, நான் அவரைப் பாத்தது ஒரு வருசம். உங்களுக்குச் செய்து காட்டினது எத்தினை வருசம்!”

கதைகளை நான் எழுதிவைக்கத் தொடங்கியிருக்கிறேன். ‘மம்மி’ முழுதாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மனிதனின் கதையில், அவன் தலையில் சுற்றிய கட்டைக் கழற்றும் இடத்தில் சேர் தன் சால்வையை வைத்து ஏதோ செய்வார். அது எனக்குப் பிடிபடவில்லை. எழுபதுகளின் கடைசியில் கீழ் டோர்மில் இருந்தவர்கள் யாருக்காவது நினைவிருந்தால் மலர்க்குழுவுக்கு எழுதி அனுப்புங்கள். படிக்குப் பக்கத்துக் கட்டில்காரர்கள் நன்றாகப் பார்த்திருப்பீர்கள்.