மைக்ரோபயாலஜி டிகிரி முடிச்ச கதை, ஊதா விரலோட

முதல் செமஸ்டர் முழுக்க என் ஆள்காட்டி விரல் ஊதாவாத்தான் இருந்துச்சு. கிருமிக்குப் போடுற சாயம், கிரிஸ்டல் வயலட். சோப்புக்கும் போகாது, ஸ்பிரிட்டுக்கும் முழுசா போகாது, தோல் தேஞ்சு போனாத்தான் போகும். மைக்ரோஸ்கோப்ல கண்ண வெச்சா விதவிதமா கிருமி நீந்திட்டு இருக்கும், பாத்து பேரு சொல்லணும், அவ்ளோதான் படிப்புன்னு நெனச்சுத்தான் சேந்தேன். போய்ப் பாத்தா பாதி நேரம் மீடியா (கிருமி வளர்றதுக்கான சாப்பாடு) காய்ச்சுறது, ஆட்டோகிளேவ்ங்கிற பிரஷர் குக்கர் மாதிரி மிஷின்ல 121 டிகிரில 15 நிமிஷம் வெச்சு எடுக்கிறது, மீடியாவ ஜெல்லியாக்குற அகார் கை பொறுக்கிற சூட்டுக்கு வர்றவரைக்கும் காத்திருந்து கட்டியாகறதுக்குள்ள பிளேட்ல ஊத்துறது, அப்புறம் பாத்திரம் கழுவுறது. மீதி நேரம் ரெக்கார்டு எழுதுறது.

கிராம் ஸ்டெயின், அதாவது சாயம் போட்டு பாக்டீரியாவ ரெண்டு வகையா பிரிக்கிறது, அந்தக் கதைய சொல்லியே ஆகணும். 1884ல ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட முறை, சின்னச் சின்ன மாத்தத்தோட இன்னிக்கும் அதேதான். பேப்பர்ல படிச்சா ரொம்ப சுலபம். ஸ்லைட்ல கிருமிய மெல்லிசா தடவி (அதுதான் ஸ்மியர்) தீயில லேசா காட்டணும், கிரிஸ்டல் வயலட் 1 நிமிஷம், அயோடின் 1 நிமிஷம், ஆல்கஹால்ல கழுவணும், கடைசியா சாஃப்ரனின்ங்கிற ரோஸ் சாயம். செல் சுவர் தடிப்பா இருக்கிற பாக்டீரியா ஊதாவ பிடிச்சு வெச்சுக்கும், மெல்லிசா இருக்கிறது விட்டுட்டு ரோஸ் ஆயிடும். எனக்குக் குடுத்தது ஸ்டஃபைலோகாக்கஸ்ங்கிற பாக்டீரியா, திராட்சக் கொத்து மாதிரி ஊதாவா தெரியணும். நாலு தடவ போட்டேன், நாலு தடவையும் பாதி கொத்து ஊதா பாதி கொத்து ரோஸ். ஆல்கஹால் கூடிப்போச்சு போலன்னு 15 செகண்ட 10 ஆக்குனேன், 5 ஆக்குனேன், ஸ்மியர மெல்லிசா இழுத்துப் பாத்தேன், ஒண்ணும் வேலைக்காகல. மேடம் வந்தாங்க, ஸ்லைட எட்டிக்கூட பாக்கல, "இது எத்தன நாள் கல்ச்சர்மா?"ன்னாங்க. நான் எடுத்தது வளக்கப் போட்டு மூணு நாள் ஆன பழைய கிருமி. வயசான செல்லுக்கு சுவர் தளந்துபோயிரும், ஊதாவ பிடிச்சு வெக்காது. முந்தின நாள் போட்ட கல்ச்சர்ல எடுத்தேன், முதல் தடவையே கொத்துக் கொத்தா ஊதா. அன்னிக்கு வந்த கோவத்துல டெஸ்ட் ட்யூப் எல்லாத்துலயும் தேதியோட மணியும் எழுத ஆரம்பிச்சவதான், இன்னும் விடல.

தியரில இம்யூனாலஜி, அதாவது நோய் எதிர்ப்புப் பாடம், என்னை அழவெச்சுது. காம்ப்ளிமென்ட் சிஸ்டம்னு கிருமிய அழிக்க உதவுற ரத்தப் புரதக் கூட்டம், அதுல சி1ல இருந்து சி9 வரைக்கும் இருக்கு, ஆனா வேலை செய்ற வரிசைல சி1க்கு அப்புறம் சி4, அதுக்கப்புறம்தான் சி2, சி3. கண்டுபிடிச்ச வரிசைல நம்பர் போட்டுட்டாங்களாம். மாலிக்யுலர் பயாலஜி மாறா சுவாரசியமா இருந்துச்சு, வெந்நீர் ஊத்துல வாழ்ற தெர்மஸ் அக்வாட்டிகஸ்ங்கிற பாக்டீரியால இருந்து எடுத்த என்சைம்லதான் டிஎன்ஏவ பல மடங்கு நகலெடுக்கிற பிசிஆரே ஓடுதுன்னு தெரிஞ்சப்போ வாயப் பொளந்தேன். ஒரே வருத்தம், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர ஒப்பேத்திட்டேன், இப்போ தெனமும் அதுதான் தேவைப்படுது.

கடைசி வருஷ ப்ராஜெக்ட், மண்ணுல இருந்து ஆக்டினோமைசீட்ஸ்ங்கிற பாக்டீரியாவ பிரிச்சு ஆன்டிபயாடிக் சுரக்குதான்னு பாக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசின் 1943ல கிடைச்சதும் இந்தக் கூட்டத்துல இருந்துதான், அதனால பெரிய கனவோட இறங்குனேன். இதுங்க வளர ஒரு வாரம் ஆகும், அதுக்குள்ள பேசில்லஸ்ங்கிற இன்னொரு பாக்டீரியா ஒரே ராத்திரில பிளேட் பூரா பரவிடும், விட்டா பூஞ்சை மூடிடும். மூணு வாரம் வெறும் குப்பைதான். அப்புறம் மண்ண காயவெச்சு சூடு பண்ணி, மீடியால பூஞ்சைக்கு மருந்து போட்டு, ஒரு நாள் மூடியத் தொறந்தா சுண்ணாம்புப் பொடி தூவுன மாதிரி குட்டிக் குட்டி காலனி (கிருமி கூட்டமா வளந்த புள்ளி), கூடவே மழ பெஞ்ச மண் வாசன. பிளேட்ட மோந்து பாக்கவே கூடாதுங்கிறது ரூல், அது தானா மூக்குல ஏறிச்சு, நான் என்ன செய்ய.

அதுல ஒண்ணு, ஸ்டஃபைலோகாக்கஸ் பரப்புன பிளேட்ல தன்ன சுத்தி அத வளரவிடாம 11 மில்லிமீட்டருக்கு தெளிவா வளையம் காட்டுச்சு. துள்ளிக் குதிச்சேன். அடுத்த தடவ வளையமே இல்ல. போதாததுக்கு எதுவுமே போடாத, எதுவுமே வளரக்கூடாத கண்ட்ரோல் பிளேட்ல ஒத்த காலனி உக்காந்திருக்கு. அத தூக்கிப் போட்டுட்டு புதுசா போட்டுடலாமான்னு ரெண்டு நாள் மனசு அடிச்சுக்கிச்சு. கைடுகிட்ட சொன்னேன், அப்படியே எழுதுன்னாரு. கறாரான ஆளு. எழுதுனேன், மார்க் கொஞ்சம் கொறஞ்சுச்சு.

ஆனா மருந்து கம்பெனி க்யூசி (தரம் சோதிக்கிற பிரிவு) இன்டர்வியூல, கண்ட்ரோல் பிளேட்ல காலனி வந்தா என்ன செய்வீங்கன்னு கேட்டாங்க பாருங்க. மனப்பாடம் பண்ணிட்டுப் போனது ஒண்ணுமே கேக்கல. என் கதைய முழுசா சொன்னேன். அந்த பிளேட் ரிசல்ட்ட நம்பக்கூடாது, தூக்கிப்போடாம முதல்ல ரெக்கார்டுல ஏத்தணும், காலனிய அடையாளம் பாக்கணும், மீடியாவா காத்தா கையான்னு தேடணும்னேன். வேலை அதுலதான் கிடைச்சுது.

எங்க எங்க வேலை இருக்குன்னு கேக்கறவங்களுக்கு. என் செட்ல ஒருத்தி உணவுக் கம்பெனில இருக்கா, 25 கிராம் சாம்பிள்ல ஒரு சால்மோனெல்லாகூட இருக்கக்கூடாதுன்னு தேடறதுதான் பொழப்பு. ஒருத்தன் குடிநீர் லேப், அங்க 100 மில்லில ஈ.கோலை இருக்கான்னு பாக்கணும். ஆஸ்பத்திரி லேப் ஆசை இருந்தா முன்னாடியே விசாரிச்சிருங்க, பல நாடுகள்ல இந்த டிகிரி மட்டும் பத்தாது, தனியா பயிற்சியும் பதிவும் வேணும், இது தெரியாம கடைசி வருஷம் முழிச்சவங்க என் கிளாஸ்லயே உண்டு. ஆராய்ச்சின்னா எம்எஸ்சி, பிஎச்டின்னு நீண்டுட்டே போகும், பொறுமை இருந்தா போங்க. லேப் பிடிக்காதவங்க லேப் மிஷின் விக்கிற பக்கமோ அனுமதி, விதிமுறை வேலை பாக்கிற ரெகுலேட்டரி பக்கமோ போயிட்டாங்க, எங்கள விட நல்லாத் தூங்குறாங்க.

என் வேலை பெரும்பாலும் காலி பிளேட் பாக்கிறது. மருந்து தயாரிக்கிற கிளீன் ரூம்ல காத்துல கிருமி விழுதான்னு பாக்க நாலு மணி நேரம் தொறந்து வெச்ச பிளேட்ட இன்குபேட்டர்ல வெச்சு எடுத்து, பூஜ்யம், பூஜ்யம்னு எழுதிட்டே போகணும். ஸ்டெரிலிட்டி டெஸ்ட்னா, அதாவது மருந்துல கிருமியே இல்லையான்னு ட்யூப்ல வளத்துப் பாக்கிறதுன்னா, 14 நாள் காத்திருக்கணும், கிருமி வளந்தா ட்யூப் கலங்கிடும். ஒரு பேட்ச் நாளைக்குக் காலைல 14வது நாள், இன்னிக்கு சாயந்திரம் வரைக்கும் ட்யூப் கலங்கல.